வெளிச்சத்துக்குக் குறைவில்லை

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள்: என் அக்கா கலையரசி. அவள் புருஷன் சித்தார்த்தன். பக்கத்து வீட்டுக் காந்திமதி, நைட் ஷிப்ட் முடிந்து வந்த யூனிபார்மோடு, கையில் சாப்பாட்டுப் பையோடு. நான், சேரன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். தகரத் தடுப்புக்குள் கோழிக்குஞ்சுகள். அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று யாரும் எண்ணவில்லை.

வெளிச்சத்துக்குக் குறைவில்லை. மேலே தொங்கிய இரண்டு விளக்குகளும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. அந்த வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கீழே பரப்பிய வேர்க்கடலைத் தோல், கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தட்டு, தகரத்தின் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்து கிடந்த குஞ்சுகள். குவியலின் மேலே இருந்தவை கத்திக்கொண்டிருந்தன. அடியில் இருந்தவை கத்தவில்லை.

"நான் வேன விட்டு எறங்கும்போதே கேட்டுச்சிடி," என்றாள் காந்திமதி. "ஓயாம கத்துதுங்க. எட்டிப் பாத்தா லைட்டு நல்லா எரியுது. அப்புறம் இன்னாத்துக்குக் கத்துதுங்கன்னுதான் ஒனக்கு போன் அடிச்சேன்."

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அக்காவும் நானும் இரண்டு ராத்திரி அங்கேயே இருந்தோம். காந்திமதியின் போன் வந்ததும் அம்மாவைப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கூட்டேரிப்பட்டில் அக்கா வீட்டுக்கு வண்டியை விரட்டினோம். வழியெல்லாம் கார்த்திகை மழை. அக்கா என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

கொட்டகைக்குள் வந்ததும் அக்கா குஞ்சுகளைத் தொடவில்லை. முதலில் கையை நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி, விளக்குக்குக் கிட்டே வைத்தாள். வைத்தபடியே நின்றாள். பிறகு விளக்கையே பிடித்தாள். முழுக் கையால், ஒரு மாங்காயைப் பிடிப்பதுபோல.

"இது இன்னா லைட்டு?"

"எல்இடி," என்றார் சித்தார்த்தன் மாமா. தூக்கத்தில் இருந்து எழுந்து வந்தவர், வேட்டியை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார். "பழசு ரெண்டும் கரண்ட்டக் குடிச்சிக்கினு இருந்துச்சி. நீ ஊருக்குப் போன அன்னைக்கே மாத்திட்டேன். வெளிச்சம் அதே வெளிச்சம். தொட்டுப் பாத்தல்ல? சுடவே சுடாது."

அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. வாய் திறந்தபடி இருந்தது. கண் மட்டும் விளக்கிலிருந்து மூலைக்குப் போய், மூலையிலிருந்து விளக்குக்கு வந்தது.

"நான் தெனம் போன்ல கேட்டனே," என்றாள் அக்கா. "லைட்டு எரியுதா, லைட்டு எரியுதான்னு."

"எரிஞ்சிதே. ராத்திரிகூட ஜன்னல்லருந்து பாத்தேன். பளிச்சினு இருந்துச்சி."

இதில் பொய் ஏதுமில்லை. ஊருக்குப் போகும்போது அவள் அவரிடம் சொல்லிவிட்டுப் போனதும் அதுதான்: ரெண்டு லைட்டும் அணையவே கூடாது. குஞ்சு வளர்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். லைட் போட்டாச்சா, லைட்ட இறக்கிக் கட்டு, லைட்ட ஏத்திக் கட்டு. சூடு என்ற வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. குண்டு பல்பு எரிந்தால் சுடும். அதை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

மாமா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவர். விட்டுவிட்டார். விடிய விடிய டியூப் லைட்டுக்குக் கீழே நின்றதில் கண்ணுக்குள்ளேயே லைட் எரிகிறது என்றார். வீட்டுக்கு வந்தவர் சில மாதம் சும்மா படுத்துக் கிடந்தார். பிறகு ஒருநாள் எழுந்து மீட்டர் பெட்டிக்கு எதிரில் போய் நின்றார். அங்கிருந்து ஆரம்பித்தது. ஹாலில் எல்இடி, சமையல்கட்டில் எல்இடி, கரண்ட் கம்மியாக இழுக்கிற பேன். டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சில் அணைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். கடைக்குத் துணிப்பை. அரிசி களைந்த தண்ணீர் வாழைக்கு. செல்போனில் எந்நேரமும் ஒரு ஆள் பேசும் வீடியோ ஓடும். "குண்டு பல்புல வர்றது வெளிச்சம் கொஞ்சம்தான் மச்சான், மீதி பூரா சூடு. சூடுன்னா வேஸ்டு," என்று எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது எல்லாம் சரிதான். வீட்டில் கரண்ட் செலவு பாதிக்கு மேல் குறைந்தது. அதைக் கிண்டல் செய்ய எங்களுக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

ஆனால் வீட்டில் அடுப்பெரிந்தது அக்காவின் கோழியால். போன தடவை போட்ட குஞ்சுகள் அம்மையில் போயின. அப்போதே காந்திமதி கம்பெனி வேனில் இடம் சொல்கிறேன் என்றாள். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனி. அங்கேயும் நைட் ஷிப்ட். அக்கா போனால் மூன்றாவது படிக்கும் மகள் அஸ்வினியைக் கெடாரில் மாமியார் வீட்டில் விட வேண்டும். பொங்கலுக்கு இந்தக் குஞ்சுகள் வளர்ந்து நின்றால் வேன் ஏற வேண்டாம், அஸ்வினியை அனுப்ப வேண்டாம். அக்கா இதை எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மாமாவிடமும் சொல்லியிருந்தாள்.

"பழைய பல்பு எங்க?" என்றாள்.

மாமா செருகிய வேட்டியை மறுபடி செருகினார்.

"ஏங்க, பேஜாரு பண்ணாதீங்க. பழைய பல்பு ரெண்டும் எங்க வச்சீங்க? ஜல்தி எடுத்தாங்க."

அவர் சமையல்கட்டு ஜன்னலைக் காட்டினார். அக்கா ஓடினாள். நானும் பின்னால் போனேன். ஜன்னல் கம்பியில் சணல் கயிறு கட்டி இரண்டு குண்டு பல்புகளும் தொங்கின. அடிப்பக்கத்துத் தகரத்தை நோண்டி, உள்ளே இருந்த கம்பியை எல்லாம் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, பல்புக்கொரு மணி பிளாண்ட் கொடி. வேரோடு பிடுங்கி வைத்திருந்ததால் வெள்ளை வேர்கள்கூடத் தெரிந்தன. நன்றாகத்தான் இருந்தது. வேறொரு நாள் என்றால் அக்காவுக்கும் பிடித்திருக்கும்.

அவள் ஒன்றை ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஆடியது.

"சேரா, வண்டிய எடு," என்றாள். "நூறு வாட்ஸ் குண்டு பல்பு. கெடைக்கிற எடத்துல வாங்கிக்கினு வா. காந்தி, நீ அடுப்புல தண்ணி வையிடி. எல்லாத்தையும் கிச்சனுக்குத் தூக்கிக்கலாம்."

"நானும் போறேன்," என்றார் மாமா.

"போங்க," என்றாள். அவரைப் பார்க்காமல்.

நாங்கள் கிளம்பும்போது அவள் குவியலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உயிருள்ளது முந்தானையில், இல்லாதது சாக்கில். சுடுதண்ணீர் ஊற்றி வைக்க வீட்டில் ஒரு பாட்டில் இல்லை. காந்திமதி சொம்பிலும் தூக்குவாளியிலும் ஊற்றி, துணியைச் சுற்றி உருட்டிக்கொண்டிருந்தாள்.

திண்டிவனம் போகும்வரை மாமா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "நான் தப்பா ஒண்ணும் பண்ணல மச்சான்." மழை முகத்தில் அடித்தது. பதில் சொல்லாததற்கு அது ஒரு வசதி.

நேரு வீதியில் இரண்டு கடைகளில் இல்லை. மூன்றாவது சர்புதீன் பாய் கடை. மாமா அங்கே வாடிக்கை. அவரைப் பார்த்ததும் பாய் சிரித்தார்.

"வாங்க சார். இந்த மழையில இன்னா, சோலார் லைட்டா?"

"குண்டு பல்பு வேணும் பாய். நூறு வாட்ஸ்."

பாய் என்னைப் பார்த்தார். மறுபடி மாமாவைப் பார்த்தார்.

"ஊரே ஸ்ட்ரெயிட்டா போய்க்கினு இருக்கு, நீங்க ரிவர்ஸ்ல வர்றீங்க? போன மாசம் இதே எடத்துல நின்னுக்கினு, இத விக்கிறதே பாவம்னு எனக்குப் பாடம் எடுத்தீங்களே சார். கஸ்டமர்லாம் நின்னு கேட்டாங்க."

"பாய், குஞ்சுங்க சாவுது."

பாய் சிரிப்பதை நிறுத்தினார். பின்னால் போய்த் தேடினார். அட்டைப் பெட்டிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. கையில் ஒரு சின்ன சிவப்பு பல்போடு வந்தார்.

"சாமி படத்துக்குப் போடற ஜீரோ வாட்ஸ்தான் கீது. கடைசியா ஒரு பொட்டி இருந்துச்சி. பொம்மையார்பாளையத்து கெஸ்ட் அவுஸ்காரன் வந்து மொத்தமா அள்ளிக்கினு போயிட்டான். ஓட்டல்ல தொங்க விடறானாம், அழகுக்கு."

"அழகுக்கா?"

"ஆமாங்க. வெள்ளக்காரங்க அதுங்கீழ ஒக்காந்து சாப்புடறாங்களாம்."

மாமா கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டார். அதில் அவருடைய எல்இடி விளக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் நூறு வாட்ஸுக்குச் சமம், அறுபது வாட்ஸுக்குச் சமம் என்று போட்டிருந்தது.

"பேக்கரில பாருங்க," என்றார் பாய், எங்களுக்குப் பின்னால் வந்து. "பப்ஸ் பொட்டில அதத்தான் போட்டு வப்பான். சூட்டுக்கு."

திண்டிவனத்தில் மூன்று பேக்கரி பார்த்தோம். எல்லாக் கண்ணாடிப் பெட்டியிலும் வெள்ளை வெளிச்சம். பப்ஸ் ஜில்லென்று கிடந்தது. ஒரு கடைக்காரர், ஓவன் வாங்கிவிட்டதாகச் சொன்னார். எங்கள் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்து, தள்ளி நிற்கச் சொன்னார்.

அக்காவுக்கு போன் போட்டேன். காந்திமதி எடுத்தாள். "கேஸ் கம்மியா எரியுதுடா. தீந்துடும் போல. இன்னும் கொஞ்சம் சாஞ்சிடுச்சிங்க. ஜல்தி வா."

"விழுப்புரம் போலாம்," என்றார் மாமா.

மறுபடி அதே ரோடு. கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது வீட்டுக்குத் திரும்பும் சாலை வலது பக்கம் வந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. லாரிகள் எங்கள்மேல் சேற்றை வாரி ஊற்றிக்கொண்டு போயின. மாமா பின்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். கோழி அவரைப் பொறுத்தவரை எப்போதும் அக்கா வேலை. அவர் தடுப்புக்குள் கை விட்டதே இல்லை, இந்த இரண்டு நாளும் தீனியைக்கூட வெளியே நின்றுதான் கொட்டினார். "அவ லைட்டுன்னுதான் சொன்னா. லைட்டுன்னுதானே சொன்னா?" என்றார். நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன்.

விழுப்புரம் நான்குமுனைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேக்கரி. வாசலில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பப்ஸ் அடுக்குகளுக்கு மேலே ஒற்றை குண்டு பல்பு எரிந்தது. மஞ்சளாக. கண்ணாடி வியர்த்திருந்தது. மாமா வண்டி நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

"எக் பப்ஸா, வெஜ் பப்ஸா?" என்றார் கல்லாவில் இருந்தவர். தடித்த மனிதர். காதில் செல்போன் ஒயர்.

"அந்த பல்பு வேணும்ண்ணே."

"எது?"

"உள்ள எரியுதே, அது. இன்னா ரேட்டுன்னாலும் குடுத்துட்டுப் போறேன்."

கடைக்காரர் ஒயரைக் கழற்றினார். "தம்பி, பல்புக்கெல்லாம் பார்சல் கெடையாது."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கோழிக்குஞ்சுங்கண்ணே. குளிர்ல சாவுதுங்க. வீட்டுல எல்இடிதான் கீது, அது சுடல. தெரியாம மாத்திட்டேன்."

"கோழியா? செத்தா கொண்டா. சிக்கன் பப்ஸ் போட்டுடலாம்."

மறுபடி சிரிப்பு. கடைக்காரரும் கெட்டவர் இல்லை. சிரித்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "இத்த குடுத்துட்டா நான் எதுல சூடு பண்றது, சொல்லு? எனக்கே போன வாரம் ஒண்ணு ப்யூஸ் போயி, ஊரெல்லாம் அலைஞ்சி வாங்கிக்கினு வந்தேன். கெடைக்கிறது இல்ல. போ தம்பி. யாவாரத்தக் கெடுக்காத."

மாமா போகவில்லை. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியின் பின்பக்கக் கதவு பாதி திறந்திருந்தது. நான் வண்டியை அணைக்காமல் வைத்துக்கொண்டேன்.

அவர் சுற்றிப் போய்க் கையை உள்ளே விட்டார். எரிகிற பல்பை வெறும் கையால் பிடித்து, அமுக்கி, திருப்பினார். பெட்டி இருண்டது. அவர் கத்தவில்லை. பற்களைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. பல்பை விடவும் இல்லை. ஒரு தட்டு பப்ஸ் சரிந்து சேற்றில் விழுந்தது.

"டேய்! புடிங்கடா!"

கடைக்காரர் கல்லாவைத் தாண்டி வந்து மாமாவின் சட்டைப் பையைப் பிடித்தார். பை கிழிந்தது. முதுகில் ஓர் அடி விழுந்தது, பிடரியில் ஒன்று. நான் கையில் வந்த நோட்டுகளைக் கல்லாமேல் எறிந்தேன். யாரோ என் ஹெல்மெட்டில் ஓங்கித் தட்டினார்கள். மாமா எப்படியோ பின்னால் ஏறிவிட்டார். புதிய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்வரை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

"மழைத்தண்ணி படக்கூடாது," என்றார் அவர். "சூட்டுல பட்டா வெடிச்சிடும்."

பல்பைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தார். அது இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா மச்சான், மெதுவா" என்றார். போகும்போது இதே ரோட்டில் ஜல்தி போ, ஜல்தி போ என்றவர். பல்புக்குள் இருக்கும் கம்பி மயிரளவு. வண்டி ஒரு குதி குதித்தால் அறுந்துவிடும். நாங்கள் பள்ளம் பள்ளமாகப் பார்த்து நகர்ந்தோம். பஸ்கள் ஆரன் அடித்து எங்களைத் திட்டிக்கொண்டு போயின.

வீட்டுக்கு வரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சந்து முனையில் காந்திமதி குடையோடு நின்றிருந்தாள். யூனிபார்ம் மாற்றவில்லை. தூங்கவும் இல்லை. வேனுக்கு நின்றாள்.

"கெடச்சிதா?" என்றாள்.

மாமா சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் கொப்பளித்து நீர் கோத்திருந்தன.

காந்திமதி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "ஒங்க அக்கா வேனுல பேரு சொல்லச் சொல்லிட்டாடா. திங்கக்கெழமைலருந்து."

"இன்னும் குஞ்சு இருக்குதில்ல?" என்றார் மாமா.

"ஒரு கூடைக்குள்ள அடங்கிடுச்சி," என்றாள் காந்திமதி. வேன் வந்து நின்றது. ஏறிப் போய்விட்டாள்.

சமையல்கட்டுக்குக் கொல்லைப்பக்கம்தான் வாசல். கதவைத் தட்டினேன். அக்கா கொஞ்சமாகத் திறந்தாள். உள்ளிருந்து ஈரச் சூடும் கோழி நாற்றமும் வந்தன. அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் சாக்கு ஒன்று வாய் கட்டி இருந்தது. எவ்வளவு கனம் என்று பார்த்தாலே தெரிந்தது.

அவள் பல்பை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டினாள். சத்தமில்லை. கம்பி அறுபடவில்லை. மாமாவின் விரல்களைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒயரைக் கூடைக்கு மேல் இழுத்துக் கட்டி, பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

எரிந்தது.

கூடைக்குள் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குஞ்சு தள்ளாடிக்கொண்டு வட்டத்துக்குள் வந்து சிறகை விரித்துப் படுத்தது. இன்னொன்று வந்தது. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலே எரிந்த எல்இடி வெளிச்சத்தில் ஓரத்தில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி, அலகுக்குள் பார்த்து, காலைத் தடவி, மஞ்சளுக்குள் வைத்தாள். முப்பது நாற்பது இருக்கலாம். வாங்கி வந்தபோது தகரத்துக்குள் தரை தெரியாமல் இருந்தவை.

மாமா உள்ளே வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு கூடையைப் பார்த்தார். முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஏதோ ஒன்று வந்திருந்தது.

"பொழச்சிடும்," என்றார். "இதுங்கள வச்சிக்கினு மறுபடி..."

அக்கா ஒரு குஞ்சின் கழுத்தைத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அவர் அதைச் செய்தார். யோசித்துச் செய்யவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கொப்பளித்த கை தானாக எழுந்து சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போயிற்று. எல்இடி அணைந்தது. கூடையின் மஞ்சள் மட்டும் மிஞ்சியது. அதற்கு வெளியே அக்காவின் கைகள், குஞ்சு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் இருட்டுக்குள் போயின.

"ரெண்டு எதுக்கு எரியணும்," என்றார்.

குஞ்சுகளின் கீச்சு மட்டும் கேட்டது. அக்கா கையில் இருந்ததைத் தடவிப் பார்த்துக் கூடைக்குள் வைத்தாள். எழுந்தாள். சுவிட்சைப் போட்டாள். வெள்ளை வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வெளிய போ," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

"கலை, பழக்கத்துல கை..."

"காத்து உள்ள வருது. வெளிய போ."

அவர் என்னைப் பார்த்தார். நான் வாசலுக்கு வெளியே மழையில் நின்றிருந்தேன். ஒதுங்கி வழிவிட்டேன். அவர் படியிறங்கினார், குனிந்து செருப்பைத் தேடினார். அவர் செருப்பு மாட்டும் முன்பே கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு கீழ்த் தாழ்ப்பாளையும்.